மூன்றாந்தரக் குதிரைக்கு ஓட்டம் தடை

பஸ்ரியனுக்குத் தன் சகலன் றெனால்ட் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. ஓலைத்தொடுவாயில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சிலருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குச் சோளகக் காற்று ஒத்துக்கொள்ளாது, பஸ்ரியனுக்கு றெனால்ட் ஒத்துக்கொள்ளவில்லை. றெனால்ட் புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் இவனுக்கு வயிறு எரியும். அது பழுதாகித் தெருவில் நின்றால் கொஞ்சம் ஆறும். ஒருமுறை றெனால்ட் காய்ச்சலில் படுத்தபோது ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. தனக்கு அப்படி ஒரு காய்ச்சல் வரவில்லையே என்று பஸ்ரியன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

பொறாமை தொடங்கியது கலியாண வீட்டில். இருவரும் நீக்கிலாஸ் என்பவரின் மகள்மாரைக் கட்டியவர்கள். மூத்தவள் நிறஞ்சலா றெனால்டுக்கு, இளையவள் எடித் பஸ்ரியனுக்கு. நீக்கிலாஸ் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரர் நடத்திய ஹோட்டலில் காவல்காரர். அந்த வெள்ளைக்காரர் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு சோடிக் குதிரையை மலைநாட்டிலிருந்து கொண்டுவந்து, உல்லாசப் பயணிகளை ஏற்றி மணலில் நடக்கவிட்டார். அந்தச் சோடிக்கு அடுத்தடுத்து இரண்டு ஆண் குட்டிகள் பிறந்தன. ஹோட்டல் படுத்தபோது பெரிய குதிரைகளைக் கொண்டுபோனவர், குட்டிகளைக் காவல்காரரிடமே விட்டுவிட்டார். இரண்டு மகள், இரண்டு குட்டி. நீக்கிலாஸ் அதிகம் யோசிக்கவில்லை. நகை, வளவு, அலுமாரி இவற்றோடு ஆளுக்கொரு குதிரையையும் சீதனத்தில் சேர்த்துவிட்டார்.

மூத்த மருமகன் என்ற முறையில் முதலில் தெரிந்தெடுத்தவன் றெனால்ட். அவன் எடுத்தது பிரின்ஸ். மிஞ்சியது கப்டன். இரண்டுக்கும் ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே செம்மண் நிறம். ஆனாலும் தன் பங்குக்கு வந்தது கழித்துவிட்டதுதான் என்று பஸ்ரியன் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். பிரின்ஸ் பயணிகளோடு படத்துக்கு நின்றது. கப்டன் மீன்வாடியிலிருந்து தெருவரைக்கும் ஐஸ் பெட்டி வண்டில் இழுத்தது.

கோயில் திருநாளன்று பின்னேரம், படகுத் துறையிலிருந்து மாதாவின் சிறு குகையான கெபி வரைக்கும் கடற்கரை மணலில் ஓட்டம் நடக்கும். குதிரை, கழுதை என்று பேதமில்லை, எல்லாம் ஒன்றாக ஓடும். கழுதைக்கு மன்னார்த் தீவில் பஞ்சமில்லை. குதிரை இந்த இரண்டும்தான். கெபிக்கு முதலில் வந்த மிருகத்தின் சொந்தக்காரர், மாதாவின் சொரூபத்தைச் சுமக்கிற கூடு கோயிலை விட்டு வெளிக்கிடும்போது முன் தண்டுக்குத் தோள் கொடுப்பார். பரிசு அது மட்டும்தான். மூன்று திருநாளாக அந்தத் தோள் றெனால்டின் தோள். மூன்று திருநாளாக எடித் பெண்கள் வரிசையில் பின்னுக்கு நின்று, முன்னுக்கு நின்ற அக்காவின் கொண்டையைப் பார்த்தபடி செபமாலை சொன்னாள். என்ன கருத்துக்காக ஒப்புக்கொடுத்தாள் என்பது மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

இந்த வருடம் விடுவதில்லை என்று பஸ்ரியன் தீர்மானித்திருந்தான். கப்டனுக்குக் கடலை அவித்துப் போட்டான். விடியற்காலையில் வண்டிலில் மணலை ஏற்றி இழுக்கவிட்டான். கப்டனும் தேறிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சபை வந்து சேர்ந்தது.

தீவகக் குதிரைப் பரம்பரை மேம்பாட்டு அதிகார சபை என்பது அதன் முழுப்பெயர். ஒரு தலைவர், இரண்டு உபதலைவர்கள், பணிப்பாளர்கள், உதவிப் பணிப்பாளர்கள், நான்கு வாகனங்கள், நான்கு சாரதிகள். சபையின் ஆளுகைக்குட்பட்ட குதிரைகள் இரண்டு. ஒரு குதிரைக்கு இரண்டு வாகனம் என்ற விகிதத்தை உலகில் வேறெந்த நாடும் இன்னும் எட்டவில்லை என்று தலைவர் பின்னர் ஒரு கூட்டத்தில் பெருமையாகக் குறிப்பிட்டார்.

முதற்கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. சாப்பாட்டுப் பார்சல் உண்டு என்று அறிவித்திருந்ததால் நல்ல சனம். தலைவர் கலாநிதி இரத்தினம் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“அன்பான மக்களே, நான் குதிரையை இதற்குமுன் கிட்ட நின்று பார்த்தவன் அல்லன். ஆனால் என் தந்தையார் சிப்பிச் சபையின் தலைவர். என் பாட்டனார் தும்புச் சபையின் தலைவர். சிப்பியையும் தும்பையும் அவர்கள் கிட்ட நின்று பார்த்தார்களா? இல்லை. தலைமை இரத்தத்தில் வருவது. ஓட்டமும் அப்படித்தான். எது வேகமாக ஓடும் என்பதை ஓடவிட்டுக் கண்டுபிடிக்கிற காட்டுமிராண்டிக் காலம் இன்றோடு முடிந்தது!”

சனம் கைதட்டியது. அடுத்து, மரபணு என்றால் என்னவென்று விளக்க உதவிப் பணிப்பாளர் கபிலன் எழும்பினான். பாப்பாமோட்டையில் வயல் விதைக்கிற கமக்காரர் வீட்டுப் பிள்ளை. சபையில் மிருகங்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் அவனுக்குக் கடைசிக் கதிரை.

“தாயிட்ட இருந்து ஒரு பங்கு, தகப்பனிட்ட இருந்து ஒரு பங்கு வரும்,” என்றான் கபிலன். “குறுந்தூரத்தில வேகமா ஓடுறதுக்கு ஒரு வகை மரபணு இருக்கு, நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கிறதுக்கு இன்னொரு வகை. ஒரே வயித்தில பிறந்த ரெண்டுக்கு ரெண்டு மாதிரி வாய்க்கலாம். வால்முடியின்ர வேரில பாத்தால் தெரியும். ஆனா ஓட்டத்தில மூண்டில ஒரு பங்கு பிறப்பில வந்தாலே பெரிய விஷயம். மிச்ச ரெண்டு பங்கும் தீனி, பழக்கம், ஓடுற நிலம்...”

“மிச்ச இரண்டு பங்கும் வேறு அமைச்சுக்கு உரியவை,” என்று தலைவர் இடைமறித்தார். “இரும், தம்பி.”

பஸ்ரியனின் காதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது: ஒரே வயிற்றில் பிறந்த இரண்டுக்கு இரண்டு மாதிரி வாய்க்கலாம். இத்தனை வருடமாகத் தன் மனதுக்குள் கிடந்த சந்தேகம் இப்போது விஞ்ஞானமாகிவிட்டது. நல்லது முழுவதையும் பிரின்ஸ் வாரிக்கொண்டு பிறந்திருக்கிறது. றெனால்ட் அதை எப்படியோ மோப்பம் பிடித்துத்தான் முந்திக்கொண்டு எடுத்திருக்கிறான்.

கூட்டம் முடிந்ததும் பதிவு. குதிரையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்கள்: பெயர், நிறம். சொந்தக்காரரைப் பற்றி ஒரு மணித்தியாலம் கேட்டார்கள். தகப்பன் என்ன தொழில், தாய்மாமன் என்ன தொழில், உறவில் அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தர் உண்டா. றெனால்டின் தாய்மாமன் மாவட்டக் கந்தோரான கச்சேரியில் சிறாப்பராக, அதாவது காசாளராக இருந்து, அரசாங்கக் காசை எண்ணி எண்ணியே காலமானவர். பஸ்ரியனின் தாய்மாமன் முள்ளிக்குளத்தில் சங்கு குளிக்கிறவர். “சங்கா?” என்று தலைவர் ஒருமுறை கேட்டார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டார்.

கபிலன் இரண்டு குதிரையின் வாலிலிருந்தும் வேரோடு முடி பிடுங்கி, பெயர் எழுதிய இரண்டு கடித உறைகளுக்குள் போட்டு, ஒட்டாமல் மேசையில் வைத்தான். அந்த நேரம் பிரியாணி வந்துவிட்டது. சபை முழுவதும் பக்கத்து அறைக்குப் போனது. மண்டபத்தில் பஸ்ரியனும் கடித உறைகளும் மட்டும் மிஞ்சினார்கள். அவன் மேசையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், சுவரிலிருந்த மாதாவைப் பார்க்காமல் விட்டான். பிரின்ஸின் முடியை எடுத்துக் கப்டனின் உறைக்குள்ளும், கப்டனின் முடியைப் பிரின்ஸின் உறைக்குள்ளும் போட்டான். இரண்டும் ஒரே நிறம். எல்லாம் ஒரு நிமிட வேலை. வெளியே வந்து தன் பார்சலையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போனான்.

முடிவு அறிவிக்கிற நாளில் பாடசாலை விளையாட்டுத் திடலில் பந்தல் போட்டிருந்தார்கள். எடித் புதுச் சேலை உடுத்திக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். தலைவர் தாளைப் பிரித்து வாசித்தார்.

“பிரின்ஸ். உரிமையாளர் றெனால்ட். முதற்றரம், தங்கம். கப்டன். உரிமையாளர் பஸ்ரியன். மூன்றாந்தரம். ஓட்டத்துக்கு உகந்ததல்ல. மூன்றாந்தரக் குதிரை பொது இடத்தில் நடை வேகத்துக்கு மேற்படச் செல்வது இன்றிலிருந்து தடை செய்யப்படுகிறது.”

வாத்தியம் முழங்கியது. றெனால்டுக்கு மாலை, நிறஞ்சலாவுக்கு மாலை, பிரின்ஸுக்குப் பெரிய மாலை. பஸ்ரியன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். பிறகுதான் கணக்குப் பிடிபட்டது. பிரின்ஸின் பெயரில் போனது கப்டனின் முடி. அப்படியென்றால் தங்கம் கப்டன்தான்! முதலில் அவனுக்கு ஆனந்தம் பொங்கியது. அது பொங்கி முடிவதற்குள், அந்தத் தங்கத்தை எடுத்துக்கொண்டுபோய்ச் சகலனின் கையில் கொடுத்தது தானேதான் என்பதும் விளங்கியது. சொல்லவும் முடியாது, மெல்லவும் முடியாது. றெனால்டின் கழுத்தில் கிடந்த மாலையின் ஒவ்வொரு பூவும் தன்னுடையது என்று நினைத்து நினைத்து அவன் வெந்துபோனான்.

வீட்டுக்கு வந்து எடித்திடம் உண்மையைச் சொன்னான். அவள் சட்டி கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அப்ப உங்கட சாமானை நீங்களே களவெடுத்து அவையிட்டக் குடுத்திட்டு வந்திருக்கிறியள்?”

“ஓம், எண்டுதான் சொல்லவேணும்.”

“உங்களை மாதிரி ஒரு கள்ளனை நான் காணேல்லை. நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ. அக்கா மாலையோட நிண்டு படம் எடுத்தவ, பாத்தனீங்கள்தானே? அவ நிண்டது என்ர இடம்.”

“பிடிச்சு மறியலுக்குள்ள போட்டால்?”

“போட்டால் போடட்டும். தங்கக் குதிரை வைச்சிருக்கிறவரை மறியலுக்குப் போட்டவை எண்டு சொல்லுறதில ஒரு மரியாதை இருக்கு.”

சபையின் கந்தோர் மன்னார் பட்டினத்தில் மூன்று மாடி. வாசலில் சீமெந்துக் குதிரை ஒன்று நின்றது; அதையும் சேர்த்தால் தீவின் குதிரைத் தொகை மூன்று. குதிரை வைத்திருப்போர் குறைகேள் பிரிவில் பஸ்ரியனைத் தவிர ஒருவருமில்லை. ஆனாலும் இலக்கத் துண்டு எடுக்கச் சொன்னார்கள். அவனுக்கு இரண்டாம் இலக்கம் வந்தது. முதலாம் இலக்கம் முதற்றரக் குதிரையின் உரிமையாளருக்கு ஒதுக்கப்பட்டது. றெனால்ட் வரவில்லை. வராதவரைத் தாண்டி அடுத்தவரைக் கூப்பிட விதியில்லை என்பதால் பஸ்ரியன் பின்னேரம் வரை காத்திருந்தான். இங்கேயும் றெனால்ட் முன்னுக்கு நிற்கிறான் என்பதை நினைக்க அவனுக்குப் பசிகூட எடுக்கவில்லை.

கந்தோர் பூட்டுகிற நேரத்தில் தலைவரே உள்ளே கூப்பிட்டார்.

“சேர், நான் ஒரு பிழை விட்டிட்டன்,” என்று பஸ்ரியன் தொடங்கினான். “அண்டைக்கு நீங்கள் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் முடியை மாத்தி வைச்சிட்டன். பிரின்ஸின்ர பேரில இருக்கிறது கப்டன்ர முடி. அப்பிடிப் பாத்தால் தங்கம் எங்களுக்குத்தானே வரவேணும்?”

தலைவர் கோபப்படவில்லை. மேசை லாச்சியை இழுத்தார். இரண்டு கடித உறைகளும் அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒட்டினது ஒட்டினபடி உள்ளே கிடந்தன.

“முடியை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கிற இயந்திரம் துறைமுகத்தில் நிற்கிறது. அதை வெளியில் எடுக்கிற கடிதத்தில் ஒப்பமிட வேண்டியவர் எமது உபதலைவர், என் மைத்துனர். அவர் குதிரைகளைப் பற்றிப் படிக்கப் பிரான்சுக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார்.”

“அப்ப, தங்கம் எண்டு சொன்னது?”

“தம்பி, நல்ல குதிரை நல்ல குடும்பத்துக்குத்தான் போய்ச் சேரும். சொந்தக்காரரின் பரம்பரையைப் பார்த்தால் குதிரையின் பரம்பரை தானாகத் தெரியும். இதற்கு முடி எதற்கு?”

“இயந்திரம் வந்து வேற மாதிரிச் சொன்னால்?”

“சொல்லாது. அப்படிச் சொல்லாத இயந்திரமாகப் பார்த்துத்தான் ஓடர் கொடுத்திருக்கிறோம்.”

“நானும் அவரும் ஒரே வீட்டிலதான் கட்டினனாங்கள், சேர். குதிரையளும் ஒரே தாய் தகப்பன்.”

“ஆனால் தாய்மாமன் ஒன்றில்லையே,” என்றார் தலைவர் இரக்கத்தோடு.

பஸ்ரியன் பஸ் ஏறித் திரும்பினான். இதுவரை அவன் உயிரோடு இருக்கிற றெனால்டைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டான். இப்போது செத்துப்போன ஒரு சிறாப்பரைப் பார்த்தும் பொறாமைப்பட வேண்டியிருந்தது. அந்த மனிதர் ஒரு நாளாவது குதிரையைத் தொட்டிருப்பாரா? அவர் எண்ணிய காசு பிரின்ஸின் காலுக்குள் எந்த வழியால் இறங்கியது? நினைக்க நினைக்க ஆத்திரமாக இருந்தது. முள்ளிக்குளத்து மாமன் மீதும் கொஞ்சம் கோபம் வந்தது. இத்தனை சங்கு எடுத்தவர் ஒரு உத்தியோகத்தையும் தேடி எடுத்திருக்கலாம்.

அடுத்த கிழமை பிரின்ஸைத் தேசியச் சொத்து என்று அறிவித்தார்கள். தேசியச் சொத்தை வெயிலில் கட்டக்கூடாது; றெனால்டின் விறாந்தைக் கதிரைகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, முன் அறையைக் குதிரைக்கு ஒதுக்கி, மேலே ஒரு மின்விசிறியும் மாட்டினார்கள். மணலில் நடந்தால் மரபணு தேய்ந்துவிடும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. காவலுக்கு ஒரு உத்தியோகத்தர் வந்து வாசலில் குந்தினார். பஸ்ரியன் வண்டிலோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மின்விசிறிச் சத்தம் கேட்டது. அவன் வீட்டில் மனிதருக்கே ஒரு விசிறிதான், அதுவும் சுற்றுகிறபோது முனகும்.

திருநாளும் வந்தது. குதிரை ஓட்டம் இனிச் சபையின் பொறுப்பு, கழுதை ஓட்டம் கோயிலின் பொறுப்பு என்று பிரித்துவிட்டார்கள். பங்குத்தந்தை மில்ரன் அடிகளார் சண்டை சச்சரவு விரும்பாதவர். சரி என்று தலையாட்டினார். ஆனால் முன் தண்டை மட்டும் பிரிக்க முடியாது, கெபிக்கு முதல் வந்து சேருகிறவருக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அதற்கென்ன, முதல் வரப்போவது யாரென்று எமக்கு ஏற்கனவே தெரியும் என்றார் தலைவர்.

பின்னேரம் படகுத் துறையில் கழுதைகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில், சோடித்த லொறி ஒன்றின்மேல், பிரின்ஸ் நின்றது. தங்கத் தரக் குதிரை தன் காலால் ஓடிச் சொத்தைச் சேதப்படுத்தக்கூடாது. ஆகவே அதன் மரபணுவுக்குரிய வேகம் மணிக்கு அறுபது கிலோமீற்றர் என்று சபை கணித்து, அந்த வேகத்தில் போகும்படி சாரதிக்கு உத்தரவு கொடுத்திருந்தது. தலைவர் லொறியில் ஏறி நின்று பேசினார்.

“இன்று நீங்கள் காணப்போவது ஓட்டம் அல்ல, ஓட்டத்தின் சான்றிதழ். எம் வாகனத்தில் ஏறிய எதுவும் இதுவரை பின்தங்கியதில்லை. நானே அதற்கு உதாரணம்!”

றெனால்ட் பிரின்ஸுக்குப் பக்கத்தில் லொறியில் நின்று கையசைத்தான். அவன் முகத்தில் பெரிய சந்தோசம் தெரியவில்லை. ஆனால் பஸ்ரியனுக்கு முகமா கண்ணில் பட்டது? மாலைதான் பட்டது. அவன் அன்றைய மீனை இறக்கிவிட்டு, வெறும் வண்டிலோடு, சட்டப்படி நடை வேகத்தில், அந்தக் கரையால் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். கழுதைகளின் வரிசைக்குப் பின்னால் வரும்போது வெடி கொளுத்தினார்கள்.

வெடிச் சத்தத்துக்குக் கழுதைகள் பாய்ந்தன. கப்டனும் பாய்ந்தது. பஸ்ரியன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அங்கே மேலே மாலையோடு நின்ற சகலனைப் பார்த்தான், கடிவாளத்தை இன்னும் கொஞ்சம் தளர்த்தினான்.

லொறி உறுமிக்கொண்டு கொஞ்சத் தூரம் போனது. பிறகு பின் சில்லுகள் மணலுக்குள் இறங்கின. சாரதி உத்தரவை மீறாமல் மிதித்தார். சில்லு மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் சுற்றியது, லொறி நின்ற இடத்திலேயே நின்றது. வேகமானியைப் பார்த்த ஒரு பணிப்பாளர் பிரின்ஸ் முன்னுக்கு நிற்கிறது என்று குறித்துக்கொண்டார். அதே மணலில் நாள்தோறும் ஐஸ் பெட்டி இழுத்துப் பழகிய கப்டன், வண்டில் தடதடக்க, கழுதைகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு லொறியையும் கடந்தது. கடக்கும்போது மேலே நின்ற பிரின்ஸ் தம்பியைக் கண்டு கனைத்தது. கயிற்றை இழுத்தது. பலகையில் காலை அடித்தது. இரண்டு உத்தியோகத்தர்கள் தேசியச் சொத்தின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு கணம் பஸ்ரியனுக்கே மனம் கேட்கவில்லை. ஆனால் கெபி கிட்ட வந்துவிட்டதால் அந்த நினைப்பை விட்டுவிட்டான்.

கப்டன் முதலாவதாகக் கெபிக்கு வந்து சேர்ந்தது. சனம் ஆரவாரம் செய்தது. எடித் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தாள். தலைவர் லொறியிலிருந்து இறங்கி, சப்பாத்துக்குள் மணலோடு நடந்து வந்து, அந்த இடத்திலேயே விசாரணைச் சபை கூடுகிறது என்று அறிவித்தார். கெபியின் முன்னால் மேசையும் கதிரைகளும் போட்டார்கள். மேசைக்கு விரிப்பும் வந்தது. அனுமதியற்ற வேகம் என்பது குற்றச்சாட்டு.

“இது மூன்றாந்தரக் குதிரை,” என்றார் தலைவர். “மூன்றாந்தரக் குதிரை ஓடாது. இது ஓடியிருக்கிறது. ஆகவே இரண்டில் ஒன்று. ஒன்றில் எமது சான்றிதழ் பிழை.” ஊரில் நின்ற மற்ற உபதலைவரும் பணிப்பாளர்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடியும்வரை தலைவர் பொறுத்தார். “அல்லது இது குதிரை அல்ல.”

“சேர்,” கபிலன் எழும்பினான். “காதைப் பாருங்கோ சேர். வாலைப் பாருங்கோ. இது குதிரைதான். நான் படிச்சனான்.”

“நீர் படித்தவர், அதனால்தான் காதையும் வாலையும் பார்க்கிறீர். நான் தலைவர், கோவையில் கட்டிய தாள்களைப் பார்க்கிறேன். மன்னாரில் நிற்கிறது. வண்டில் இழுக்கிறது. சொந்தக்காரரின் உறவில் உத்தியோகத்தர் ஒருவரும் இல்லை. ஒரு மிருகத்தைக் கழுதை என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்?”

பஸ்ரியன் கப்டனின் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தான். “சேர், கழுதையெண்டால் இவனைக் கொண்டுபோயிடுவியளோ?”

“கழுதைகளுக்கு இன்னும் சபை அமைக்கப்படவில்லை. அவை எங்கும் போகலாம், எப்படியும் ஓடலாம், யாரையும் முந்தலாம். எமக்கு ஆட்சேபனை இல்லை.”

அப்போதுதான் மில்ரன் அடிகளார் மெல்ல வாயைத் திறந்தார். “அப்ப கழுதையள் என்ர பொறுப்பு எண்டுதானே ஒப்பந்தம்? கெபிக்கு முதல் வந்தது பஸ்ரியன்ர கழுதை. முன் தண்டு பஸ்ரியனுக்கு.”

தலைவர் மறுக்கவில்லை. குதிரைகளுக்கான முதற்பரிசு பிரின்ஸுக்கே என்றும், வேறு குதிரை இல்லாதபடியால் இந்த முடிவில் ஐயத்துக்கு இடமில்லை என்றும் அறிவித்து, இடுப்பளவு உயரமான வெற்றிக் கோப்பை ஒன்றை றெனால்டிடம் கொடுத்தார்.

கூடு வெளிக்கிட்டது. முன் தண்டு தோளில் ஏறியபோது பஸ்ரியனுக்குக் கண் கலங்கியது. பாரம் தெரியவில்லை. எடித் முன்வரிசையில் நடந்தாள். அக்கா பின்னால் வருகிறாளா என்று மூன்று முறை திரும்பிப் பார்த்தாள். றெனால்ட் பின் தண்டுக்காவது தோள் கொடுக்க வந்தான். இரண்டு கையிலும் கோப்பை இருந்ததால் முடியவில்லை.

அந்தச் சந்தோசம் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. கப்டன் கழுதையே என்று முத்திரை குத்திய பத்திரம் வீட்டுக்கு வந்தது. அதைப் படித்துவிட்டு எடித் அழுத அழுகை சாதாரணமானதல்ல.

“என்ர அப்பா அக்காவுக்குக் குதிரையும் எனக்குக் கழுதையுமோ சீதனம் தந்தவர்? நாலு சனத்துக்கு முன்னால இனி நான் எப்பிடி முழிக்கிறது?”

“மூண்டு வருசமா நீ கேட்ட முன் தண்டைத் தூக்கிட்டன். அது போதாதோ?”

“தூக்கினீங்கள்தான். ஆனா அவவிட்டக் கோப்பை இருக்கு.”

பஸ்ரியனும் யோசித்துப் பார்த்தான். றெனால்டிடம் கோப்பை இருக்கிறது, தங்கச் சான்றிதழ் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. தன்னிடம் ஒரு கழுதை இருக்கிறது. வயிறு பழையபடி எரியத் தொடங்கியது. கப்டனுக்கு இதெல்லாம் தெரியாது. கட்டுப்பாடு இல்லாத மிருகம் என்றபடியால் காலையில் கடற்கரை முழுவதும் அவிழ்த்துவிட்டபடி ஓடியது. மன்னாரில் குதிரையைப் போல ஒரு கழுதை இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு உல்லாசப் பயணிகள் அதைப் படம் எடுக்க வந்தார்கள்.

ஒருநாள் பின்னேரம், பஸ்ரியன் கப்டனுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்கும்போது, படலையடியில் றெனால்ட் நின்றான். கலியாணத்துக்குப் பிறகு அவன் இந்த வளவுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஆள் மெலிந்திருந்தான். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

“சகலன், ஒரு உதவி கேட்டு வந்தனான்.”

“சொல்லுங்கோ.”

“பிரின்ஸ் தீனி எடுக்குதில்லை. கப்டன் கரையில ஓடுற சத்தம் கேட்டால் சுவரில உதைக்குது. கதவைத் திறக்கிறதுக்குச் சபையிட்ட அனுமதி எடுக்கவேணுமாம், அனுமதி தாற உபதலைவர் பிரான்சில இருந்து வந்து இப்ப ஜப்பானில. அந்தக் காவல் உத்தியோகத்தர் நண்டு இல்லாமல் சாப்பிடுறாரில்லை, நிறஞ்சலாவுக்குச் சமைச்சுச் சமைச்சே சீவன் போகுது. என்ர குதிரையை நான் தடவிப் பாக்கிறதெண்டாலும் கையெழுத்து வைக்கவேணும்.” றெனால்டின் பார்வை கப்டனை விட்டு அகலவில்லை. ஈர மூக்கு, மணல் ஒட்டின கால், காற்றில் அலைகிற பிடரி. பஸ்ரியன் இந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறான், கண்ணாடியில்தான். “அண்டைக்கு நீங்கள் என்னெண்டு செய்தனீங்கள், சகலன்? என்ர குதிரையையும் ஒருக்கா கழுதையாக்கித் தரச் சொல்லுங்கோ. ஆரைப் பிடிக்கவேணும்?”

இப்படி ஒரு பின்னேரத்துக்காகப் பஸ்ரியன் கலியாண நாளிலிருந்து காத்திருந்தான். அதை அவசரப்பட்டு முடிக்க மனம் வரவில்லை. வாளியைக் கீழே வைத்தான். கப்டனின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான். பிறகு, கலாநிதி இரத்தினத்தின் அதே இரக்கத்தோடு சொன்னான்.

“கஷ்டம், சகலன். உங்கட தாய்மாமன் சிறாப்பர். கழுதையாகிறதுக்கும் ஒரு பரம்பரை வேணும்.”